கூடப்பிறந்தவர்கள் உண்டா?

ஜாங்காக்-சூ கிராமத்தில் பூருல் அக்காவின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. "குடும்பத்தைப் பிரிச்சவ" என்பார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஊர் வழியாக அடிக்கடி கார் ஓட்டிப்போகிறவன் நான். என் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொல்வார்கள். விழாமல் என்ன? நன்றாகவே விழுகிறது.

அவர் பிரித்ததாகச் சொல்கிற அந்தக் குடும்பத்தில் ஒரு பையன் செத்துப்போனான். சாக வேண்டிய அவசியமே இல்லாத பையன். தினம் மாத்திரை போட்டுக்கொண்டு, படித்து, கல்யாணம் செய்து, வழுக்கை விழுந்து, கிழவனாகி, பென்ஷன் போதவில்லை என்று புலம்பிக்கொண்டு இருந்திருக்க வேண்டியவன். அவனைக் காப்பாற்ற ஒரு டாக்டரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வேண்டியவர்கள் அந்த அறையிலேயே இருந்தார்கள், சொல்லவில்லை. பழி மட்டும் பூருல் அக்கா தலையில் விழுந்தது. என் பெயர் சாபர். கோபக்காரன் என்று என் மனைவியே சொல்வாள், நீங்களும் சொல்லிக்கொள்ளுங்கள்.

பூருல் அக்கா டாக்டர் இல்லை, நர்ஸ்கூட இல்லை. எங்கள் தலைநகரம் பிஷ்கெக்கின் டிராலிபஸ் டிப்போவில் வண்டிகளை நேரத்துக்கு அனுப்புகிற வேலை பார்த்தவர். எந்த வண்டி எந்தத் திருப்பத்தில் கம்பி கழன்று நிற்கிறது, எந்த டிரைவர் காலையிலேயே வோட்கா வாடையோடு வந்திருக்கிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய ஒரே மகன் உலானுக்குப் பள்ளிக்கூடம் போகும்போதே கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு பேச்சு குழறியது. காரணமில்லாமல் சிரித்தான், காரணமில்லாமல் அடித்தான். குடிக்கிறான் என்றார்கள் அக்கம்பக்கத்தார். புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் டாக்டர்கள். மனநல ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டி வைத்திருந்த பிள்ளைக்கு வாராவாரம் சூப் கொண்டுபோய் ஊட்டிவிட்டு வந்தார். இருபது வயது முடிவதற்குள் அவன் போய்ச் சேர்ந்தான்.

அவனைப் புதைத்துப் பல மாதம் கழித்துத்தான், அல்மாட்டியிலிருந்து வந்த ஒரு டாக்டர் உலானின் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். வில்சன் நோய். சாப்பாட்டில் இருக்கிற செம்பை வெளியே தள்ளத் தெரியாத உடம்பு, அதை ஈரலிலும் மூளையிலும் கண்ணிலும் சேர்த்துக்கொண்டே போகும். மாத்திரை இருக்கிறது. புதுக் கண்டுபிடிப்புகூட இல்லை, அக்காவின் அப்பா காலத்து மாத்திரை.

"தெரிஞ்ச ஆளு மலைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தாரு தம்பி" என்று என்னிடம் சொன்னார். "பஸ் ஏறினா அரை நாள்கூட ஆகாது. அங்க போடின்னு சொல்ல இந்த ஊர்ல ஒரு நாய்கூட இல்ல."

அந்த நாயாக அவரே ஆனார். ஒரு நோய்க்கு ஒரு டாக்டர் என்று தேடிப் பிடித்தார். மூளை, நரம்புக்கு பிஷ்கெக்கில் ராய்சா கரீமொவ்னா. ஈரலுக்கு அல்மாட்டியில் ஒருவர். எலும்புக்குத் தாஷ்கெண்டில் ஒரு கிழவர். தெற்கே ஓஷ் நகரத்தில் ஒரு குழந்தை டாக்டர். இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது. எல்லோரையும் கட்டிப்போட்டிருந்தது அக்காவின் போனும், மலைத்தேனும், வெட்கமில்லாமல் மறுபடி மறுபடி கேட்கிற வாயும்தான். யாருடைய ரத்தம் எந்த லேபுக்குப் போக வேண்டும், எந்த மாத்திரை துருக்கியிலிருந்து யார் பெட்டியில் வருகிறது என்பதையெல்லாம் டிப்போ வண்டிகள் மாதிரியே மனதில் ஓட்டிக்கொண்டிருப்பார். எங்கள் மருந்துக்கடைகளில் அந்த மாத்திரைகள் கிடைக்காது. விரல்விட்டு எண்ணுகிற சில பேருக்காக யார் வரவழைத்து விற்பார்கள்? டாக்டர்கள் இவற்றுக்கு வைத்திருக்கிற பெயரே அனாதை நோய்கள்.

என் மகள் மீரிமுக்கு எலும்பு நோய். இருமினால் விலா எலும்பு முறியும். அக்காதான் எங்களைத் தாஷ்கெண்ட் கிழவரிடம் சேர்த்துவிட்டார். அதிலிருந்து என் காரும் நானும் அவருக்கு அடிமை. தெற்கே ஓஷுக்கும் வடக்கே பிஷ்கெக்குக்கும் நடுவில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன், ஆளோடு ரத்தக்குப்பியும் மாத்திரையும் நோயாளிகளும் சேர்ந்துகொண்டார்கள்.

"அக்கா, உங்களுக்கு எல்லா ஊர்லயும் ஒரு குடும்பம். பெட்ரோல் மட்டும் என் வீட்டுல" என்பேன்.

"வாயை மூடிட்டு ஓட்டுடா. உன் வாய்க்குத் தனியா ஒரு டாக்டர் தேடணும்" என்பார்.

அய்பிக்கே என்கிற பெண்ணை முதலில் கண்டுபிடித்தது ஓஷ் டாக்டர். பதின்மூன்று வயது. வால்நட் காட்டுக்குள்ளே இருக்கிற ஜாங்காக்-சூ கிராமம். வகுப்பில் முதலாவதாக வந்தவள், பேனா பிடிக்க முடியாமல் விழுந்தாள். வார்த்தை வாயிலேயே உருண்டது. யாரோ கண் போட்டுவிட்டார்கள் என்று முல்லாவிடம் போனார்கள், ஊர் மருந்துக்காரியிடம் போனார்கள், கடைசியில் ஓஷுக்கு வந்தார்கள். டாக்டர் விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார். கருவிழியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம். உடனே அக்காவுக்குப் போன் செய்தார். அடுத்த வாரமே என் காரில் அவர்களை பிஷ்கெக் கொண்டுவந்தேன். அக்கா தன் பிள்ளைக்குச் செய்ய முடியாததை இந்தப் பெண்ணுக்குச் செய்துவிட வேண்டும் என்று துடித்தார். வழியெல்லாம் போன் செய்து "எங்க வந்துட்டீங்க?" என்று என் உயிரை வாங்கினார்.

ராய்சா கரீமொவ்னாவின் அறை சின்னது. நாற்காலியில் அய்பிக்கே. ஒரு பக்கம் அவள் அப்பா மாமாசாதிக், தலையில் வெள்ளைத் தொப்பி. மறுபக்கம் அம்மா தாஜிகான், நரைத்த தலையில் பூப்போட்ட துணி. சுவரோரம், பெண்ணின் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சித்தி ஷாயிர்கூல், அதாவது தாஜிகானின் ஓரகத்தி. அவளுடைய புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். நடக்கத் தடுமாறிய பெண்ணைத் தூக்கிவந்த நான் கதவருகே நின்றேன்.

"உங்க வம்சத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

மாமாசாதிக் எழுந்து நின்றார். ஏழு தலைமுறை அப்பன்மார் பெயர்களையும் மூச்சு விடாமல் சொன்னார். எங்களில் அதைச் சொல்லத் தெரியாதவன் ஆம்பிளையே இல்லை.

"ஒருத்தருக்கும் இல்லம்மா. அத்தனையும் சிங்கம்."

"சிங்கமெல்லாம் சரி. ஈரல் எப்படி இருந்துச்சு?" என்றார் டாக்டர். பூருல் அக்கா சிரித்துவிட்டார். "சரி, பொண்ணுக்குக் கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

"இல்ல டாக்டரம்மா" என்றாள் தாஜிகான். "ஒரே பொண்ணு. தலை நரைச்சப்புறம் ஆண்டவன் என் மடியில போட்டது."

"ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. இருந்திருந்தா இன்னைக்கே கூட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன். இது கூடப்பிறந்தவங்களைச் சும்மா விடாது. நாலுல ஒண்ணு மாட்டும். வெளிய ஒண்ணும் தெரியாது, நல்லா ஓடியாடிட்டு இருப்பாங்க. திடீர்னு ஈரல் போயிடும். அப்புறம் மாத்திரை பிரயோஜனமில்ல."

சுவரோரத்திலிருந்து ஷாயிர்கூல் கேட்டாள். "சித்தப்பா பிள்ளைங்களுக்கு?"

"நீங்க யாரும்மா?"

"சித்தி."

"உங்க பிள்ளைங்களுக்கு இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. பயப்படாதீங்க. டெஸ்ட்டு அது இதுன்னு காசை வீணாக்காதீங்க."

"சரிங்க" என்றாள். கோட்டை இன்னொரு மடிப்பு மடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அய்பிக்கேயைப் பெற்றவள் ஷாயிர்கூல். அவளுடைய தலைச்சன் பிள்ளை. பெரிய மருமகள் தாஜிகானுக்குப் பல வருஷமாகப் பிள்ளை இல்லை. சின்னவளுக்குப் பெண் பிறந்ததும் மாமனார் ஒரு ஆட்டை வெட்டி, குழந்தையை எடுத்துப் பெரியவள் மடியில் வைத்தார். ஷாயிர்கூல் பால் கட்டிய மாரைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு விருந்துக்கு வந்தவர்களுக்கு டீ ஊற்றினாள். அடுத்த வருஷம் அவளுக்கு எல்தியார் பிறந்தான். ஒரே முற்றத்தில் எதிரெதிர் வீடு. அக்காவும் தம்பியும் அவளை முறையே சித்தி என்றும் அம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தார்கள்.

எங்கள் மக்களிடம் இது புதிதல்ல. கொடுத்த பிள்ளை கொடுத்ததுதான். பெற்றவள் அதைப் பற்றிப் பேசவே கூடாது, ஊரும் பேசாது. "நீ அவங்க பிள்ளை இல்ல" என்று பிள்ளை காதில் போடுகிறவனைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அதனால் அன்றைக்குத் தாஜிகான் பொய் சொன்னாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் மனதறிந்து உண்மையைத்தான் சொன்னாள். அவளுக்கு ஒரே பெண், அந்தப் பெண்ணுக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. பூருல் அக்காவின் மூத்த அண்ணனே இப்படித் தாத்தா வீட்டுக்குக் கொடுக்கப்பட்டு வளர்ந்தவர்தான். அக்காவுக்கும் அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. பழக்கம் அவ்வளவு பழக்கம்.

ஏழு தலைமுறைச் செத்தவர்களை வரிசையாகச் சொன்ன மனிதருக்கு எதிர்வீட்டில் உயிரோடு இருந்தவனைச் சொல்லத் தோன்றவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாத்திரை வேலை செய்தது. குளிர்காலம் முடிவதற்குள் அய்பிக்கே தானாக நடந்தாள், வசந்தத்தில் பேச்சு தெளிந்தது. பேனா பிடித்து முதல் வரி எழுதியதைப் போட்டோ எடுத்து அக்கா எல்லா டாக்டர்களுக்கும் அனுப்பினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மாத்திரை கொடுக்க நாங்கள் போகும்போதெல்லாம் எல்தியார் ஓடிவந்து என் வண்டியின் ஹாரனை அடிப்பான். குண்டுக் கன்னம், நல்ல துடிப்பு.

இலையுதிர் காலத்தில் அந்த ஊரே காட்டுக்குள் கூடாரம் போட்டு வால்நட் பொறுக்கும். பிள்ளைகள் பொறுக்குவதில் பாதி வாய்க்குள் போகும். வால்நட்டில் செம்பு அதிகம், அய்பிக்கே தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அவளுக்கு வேணாம்னா அவ பங்கும் எனக்கு" என்று எல்தியார் இரண்டு பை நிறையக் கட்டிக்கொள்வான். பூருல் அக்கா அவன் தலையைத் தட்டி, "நல்லா தின்னுடா, தடியா" என்றார். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பருவம் முடிகிற சமயம், நானும் அக்காவும் ஓஷிலிருந்து வந்துகொண்டிருந்தபோது ஷாயிர்கூல் போன் செய்தாள். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணாடி முன்னால் வைத்தார்.

"அக்கா, எல்தியாருக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு. வயிறு ஊதியிருக்கு. ஆஸ்பத்திரியில போட்டிருக்கோம். காமாலைங்கறாங்க."

"இந்த சீசன்ல தெக்க எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான். தண்ணி சரியில்ல. சரியாயிடும்மா."

"அக்கா… அய்பிக்கே சாப்பிடுற மாத்திரையை இவனுக்கும் கொடுக்கலாமா?"

"எதுக்கு? அது வேற நோய். சித்தப்பா பிள்ளைக்கு வராதுன்னு டாக்டரே சொன்னாங்களே."

போனில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"சித்தப்பா பிள்ளை இல்லக்கா" என்றாள். "அவ என் பொண்ணு. நான் பெத்தவ. ரெண்டு பேரும் என் பிள்ளைங்க."

அக்காவின் கை என் தோளைப் பிடித்து அமுக்கியது. வண்டியை ஜாங்காக்-சூ பக்கம் திருப்பினேன். அன்றைக்கு நான் ஓட்டிய வேகத்துக்கு லைசென்ஸைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும்.

அது சின்ன ஆஸ்பத்திரி. எல்தியாரின் முகம் பழுத்த சீமைமாதுளை மாதிரி மஞ்சளாக இருந்தது. எங்களைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். இளவயது டாக்டர் ஒருவர், கெட்டவர் இல்லை, வார்டு நிறையக் காமாலைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார். அக்கா போனில் ராய்சா கரீமொவ்னாவைப் பிடித்துக் கொடுத்தார். அந்தம்மா, இது வில்சனாக இருந்தால் ஈரல் மாற்றினால்தான் உண்டு, உடனே பிஷ்கெக் அனுப்புங்கள், துருக்கியில் பேசுகிறேன் என்றார்.

"இருந்தாத்தானே?" என்றார் இளம் டாக்டர். "இந்த நிலமையில இவனை மலை தாண்டி அனுப்பி வழியில ஏதாவது ஆச்சுன்னா? காமாலைப் பையனைக் கொன்னுட்டேன்னு என் கழுத்தைப் பிடிப்பாங்க. இவன் கூடப்பிறந்தவங்களுக்கு அந்த நோய் இருக்குன்னா அனுப்பறேன். இருக்கா?"

"இருக்கு" என்றார் பூருல் அக்கா. "இவனோட அக்கா எதிர்வீட்டுல வளர்றா. இவங்க ரெண்டு பேருக்கும் அம்மா இவதான்."

தாஜிகான் வாசலில் நின்றிருந்தாள். பின்னால் அய்பிக்கே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். தாஜிகான் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"இவ யாருங்க எங்க வீட்டு விஷயம் பேச? எம் பொண்ணுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. இவன் என் கொழுந்தன் மகன்."

டாக்டர் ஷாயிர்கூலைப் பார்த்தார். "பெத்தவங்க நீங்க சொல்லுங்கம்மா. அந்தப் பொண்ணு யாரு?"

ஷாயிர்கூல் ஓரகத்தியைப் பார்த்தாள். தாஜிகான் முறைக்கவில்லை, மிரட்டவில்லை. தலைத்துணியின் நுனியை வாயில் அமுக்கிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டி அழுதுகொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஷாயிர்கூல் அவள் முன்னால் நிமிர்ந்து பேசியதில்லை.

"பெரியக்காவோட பொண்ணு" என்றாள் தரையைப் பார்த்து.

"போன்ல என்னடி சொன்ன?" என்று அக்கா அவள்மேல் பாய்ந்தார். நான் இடுப்பைப் பிடித்து இழுக்காவிட்டால் அடித்தே இருப்பார். "உள்ள கிடக்கிறது உன் பிள்ளைடி! வாயைத் திற! என் பிள்ளை செத்தப்போ எனக்குச் சொல்ல ஆளில்லாமப் போச்சு. உனக்கு என்னடி கேடு?"

"நீங்க டாக்டரா?" என்று இளம் டாக்டர் அக்காவைக் கேட்டார். "இல்லையே. அம்மாவே இல்லைங்கறாங்க. வெளிய போங்க."

மறுநாள் காலைத் தொழுகை முடிந்ததும் மாமாசாதிக் நேராக டாக்டரிடம் போனார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அது என் தம்பி பெத்த பொண்ணு. நான் வளத்தேன். பையனை அனுப்புங்க" என்றார். திரும்பி வரும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

உடனே என் காரில் கிளம்பினோம். பின்சீட்டில் ஷாயிர்கூல் மடியில் எல்தியாரின் தலை. பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு நர்ஸ். முன்னால் அக்கா. கொஞ்ச தூரம் வரை பேசிக்கொண்டு வந்தான். பிறகு பேச்சில் கோர்வை இல்லை. வழியில் இருக்கிற ஏரி எப்போது வரும் என்று கேட்டான். ஏரி அவன் பக்கத்துக் கண்ணாடியிலேயே வந்துகொண்டிருந்தது. மலைக்கணவாய்க்குக் கீழே புல்வெளியில் ஏறும்போது நர்ஸ் என் முதுகைத் தட்டினாள். நிறுத்தினேன். எங்கள் பெண்கள் சாவுக்குப் பாடி அழுவார்கள், ஷாயிர்கூல் அவன் கண்ணை மூடிவிட்டு, கலைந்த சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். நான் வண்டியை வந்த வழியே திருப்பினேன்.

ராய்சா கரீமொவ்னாவுக்கு அக்கா போன் செய்தார். "ஒரு ராத்திரி வீணாப் போச்சு" என்றார்.

"அந்த ராத்திரியால ஒண்ணும் மாறியிருக்காது பூருல். ஒரு வருஷம் வீணாப் போச்சு" என்றார் டாக்டர். "அந்தச் சித்தி கேட்டா. நான் பதில் சொன்னேன். சரியான பதில்தான் சொன்னேன்." போனை வைத்துவிட்டார்.

சாவுக்கு முற்றத்தில் யூர்ட் கூடாரம் அடித்திருந்தார்கள். வெளியே ஆண்கள் தடியூன்றிக் குனிந்து நின்று சத்தம் போட்டு அழுதார்கள். உள்ளே சடலத்துக்குப் பக்கத்தில் அம்மாவும் நெருங்கிய பெண்களும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். கூடப்பிறந்த அக்காவுக்கு இடம் அங்கே. பெரியப்பா மகளுக்கு அங்கே வேலை இல்லை. அய்பிக்கே ஒரு கையில் கெட்டிலும் ஒரு கையில் தட்டும் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு டீ ஊற்றி, பொரித்த மாவுத்துண்டான போர்சோக்கைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கை நடுங்கவில்லை. நாங்கள் கொடுத்த மாத்திரையின் புண்ணியம்.

பூருல் அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அக்கா, வேணாம். இன்னைக்கு வேணாம்" என்று நான் காதோரம் சொன்னேன். அவர் நேராகப் போய் அவள் கையிலிருந்து கெட்டிலை வாங்கிக் கீழே வைத்தார்.

"இது உன் வேலை இல்லம்மா. உள்ள போய் உக்காரு. அவன் உன் கூடப்பிறந்த தம்பி."

முற்றத்தில் அழுகை அப்படியே நின்றது. யாரும் "என்ன உளர்றே?" என்று கேட்கவில்லை. அதிலேயே அந்தப் பெண்ணுக்கு எல்லாம் புரிந்திருக்கும். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். கூடாரத்துக்குள் போய் ஷாயிர்கூலுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். தாஜிகான் வாசலிலேயே விழுந்து முகத்தைப் பிறாண்டிக்கொண்டாள். எங்களைக் கல்லால் அடிக்காமல் விட்டது அவர்களுடைய மரியாதை.

அக்கா செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். சாவு வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது என்று சில நாள் நினைப்பேன். வேறு எந்த வீட்டில், யார் சொல்லியிருப்பார்கள் என்று சில நாள் நினைப்பேன்.

அதற்குப் பிறகு பூருல் அக்கா வேலை செய்கிற விதமே மாறிப்போனது. நோய் கண்ட பிள்ளையின் வீட்டுக்குப் போனால் முதல் காரியம், மாமியார், புருஷன், நான் உட்பட எல்லோரையும் வெளியே துரத்துவார். மருமகள்கள் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, "நீ பெத்தது எத்தனை, கொடுத்தது எத்தனை?" என்று கேட்பார். சில வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். நாரின் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஒருத்தி அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். தாத்தா வீட்டில் வளர்ந்த பையனுக்குச் சோதித்துப் பார்த்து, நோய் முற்றுவதற்குள் மாத்திரை ஆரம்பித்தோம். பையன் பிழைத்துக்கொண்டான். அந்தத் தாத்தா அக்காவைப் பார்த்தால் இன்றைக்கும் காறித் துப்புகிறார். தலைநகரத்தில் இந்த நோய்களுக்காகப் பெரிய மேஜை போட்டு நடந்த கூட்டத்தில், "நம்ம பழக்கவழக்கத்தைப் புண்படுத்தாம கேளுங்க" என்று கோட்டுப் போட்ட ஒருவர் அறிவுரை சொன்னார். "புண்பட்டா ஆறும். ஈரல் ஆறாது" என்று அக்கா எழுந்து வந்துவிட்டார். அதற்கப்புறம் அந்த மேஜைக்கு அவரைக் கூப்பிடுவதில்லை. குடும்பங்கள் பாதி விலகிப்போயின. போனவர்கள் மாத்திரைக்கு என்ன செய்கிறார்களோ, தெரியாது.

அய்பிக்கே இரண்டு வீட்டிலும் இருக்கவில்லை. ஜலாலாபாதில் ஒரு பள்ளி விடுதியில் சேர்ந்துகொண்டாள். மாத்திரையை இப்போது விடுதி வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். போன வசந்தத்தில் போனபோது அவள் கெட்டிலோடு நின்ற அந்தச் சின்னப் பெண்ணாக இல்லை, வளர்ந்துவிட்டிருந்தாள். ஆனால் கை லேசாக ஆடியதை நானே கவனித்தேன்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறியா?" என்றார் பூருல் அக்கா.

"எல்லாரும் இதையே கேக்கறீங்க" என்றாள். "தாஜிகான் அம்மா போன் பண்ணிக் கேக்கறாங்க. அவங்களும் போன் பண்ணிக் கேக்கறாங்க." ஷாயிர்கூலை இப்போது அவள் சித்தி என்றும் சொல்வதில்லை, அம்மா என்றும் சொல்வதில்லை.

"கேப்பாங்கம்மா. உன்மேல உசுரு."

"கடைக்காரருக்குத் தெரியுமாம். ஸ்கூல் காவக்காரருக்குத் தெரியுமாம். வால்நட் வாங்க வர்ற வியாபாரிக்குக்கூடத் தெரியுமாம். அத்தனை பேருக்கும் தெரிஞ்சு, தெரியாதது தெரிய வேண்டிய ரெண்டு பேருக்குத்தான். எனக்கும் அந்த டாக்டருக்கும். அன்னைக்கு அந்த ரூம்ல நானும்தானே அக்கா இருந்தேன்? எல்லாரையும் கேட்டீங்களே. எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா, வாய் குழறினாலும் நான் சொல்லியிருப்பேன்."

பூருல் அக்கா மாத்திரைப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தார்.

அய்பிக்கே பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு மாத்திரையை எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல், எங்கள் முன்னாலேயே விழுங்கினாள்.

"போதுமா?" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.